கச்சான் காலத்தில் கார்டீனியாவைக் காத்தல்

இரவு வெப்பம் 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருக்கையில் நன்கு அரும்பு கட்டும், மணமுள்ள வெண்பூச் செடியான கார்டீனியா, கோடை இரவிலும் 25 பாகை அளவில் புழுங்கும் மட்டக்களப்பில் சற்றுச் சிணுங்கவே செய்யும். ஆயினும் வெயிலைவிட மண்ணே இங்கு பெரிய சிக்கல் என்பது என் கணிப்பு. கல்லடி போன்ற கரையோர வளவுகளின் மணலில் சிப்பித் துகள்கள் கலந்திருப்பதால் சுண்ணாம்புத் தன்மை மிகுந்து, வேர் இரும்புச்சத்தை உறிஞ்ச இயலாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கக் கொழுந்திலை மஞ்சளாகிவிடும். மண்ணின் அமில-கார அளவு (pH) 5 முதல் 6 வரை இருப்பதே இச்செடிக்கு உகந்தது. ஆகவே நிலத்தில் நடாமல், உப்பு நீங்கக் கழுவிய தும்புத்தூளும் மக்கிய இலையுரமும் செம்மண்ணும் கலந்த பெரிய சாடியில் நடுங்கள். கிணற்று நீர் உவராக இருந்தால் மாரியில் சேமித்த மழைநீரையே ஊற்றுங்கள். காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம் சாடியை வைத்தால், மேற்கிலிருந்து வீசும் வறண்ட வெப்பக் காற்றான கச்சானில் அரும்புகள் காய்ந்து உதிர்வது குறையும். அரும்பு கட்டிய பின் சாடியை இடம் மாற்ற வேண்டாம். அதற்கும் கோபித்து உதிர்த்துவிடும் செடி இது.