வன்னி வளவில் கோழியும் ஓலைப் பின்னலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் ஒரு ஏக்கர் மேட்டுக்காணி என்றால் பதினாறு பரப்பு. வீடு, கிணறு, நாலைந்து தென்னை, கொஞ்சம் கச்சானும் மரவள்ளியும், வேலியோரம் பனை. இதற்குள் பதினைந்து இருபது ஊர்க்கோழி, பின்னேரங்களில் திண்ணையில் பனையோலையால் இழைக்கிற பெட்டியும் கடகமும். இந்த இரண்டு வருமானத்திலும் நட்டம் வருவது பெரும்பாலும் வேலை தெரியாததால் அல்ல, காலம் தவறுவதால்தான். மழை பிடித்தபின் கூட்டுக்குக் கூரை வேய்வார்கள். கார்த்திகைக் கூதலில் குஞ்சு பொரிக்க விடுவார்கள். பக்கத்து வளவில் கோழி கழுத்துத் திருகி விழுந்தபின் தடுப்பு மருந்துக்கு ஓடுவார்கள். ஈரக் காற்றில் ஓலை காயப் போடுவார்கள்.

கூட்டை ஆவணிக்குள் முடியுங்கள்

ஐப்பசியில் மழை தொடங்கினால் வாடைக்காற்று சாரலோடு வடகிழக்கிலிருந்து அடிக்கும். கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் கோடை வெயில் உள்ளே விழாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அப்படிக் கட்டியபின் வடக்குப் பக்கத்தை மாரியிலும் திறந்தே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பக்கத்துக்குச் சுருட்டி இறக்கக்கூடியதாகச் சாக்கோ தறப்பாளோ கட்டுங்கள். இறக்கும்போது மேலே ஒரு சாண் வெளி இருக்கட்டும். முழுதாக மூடினால் எச்சத்தின் அமோனியா உள்ளேயே தங்கிக் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கூதல் காற்றில் வடக்கு கிழக்கில் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாகச் செத்தன. நனைந்த கோழிக்கு அப்படி ஓர் இரவே போதும்.

நிலத்தைச் சுற்றுப்புறத்தைவிட ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். மேலே நான்கு அங்குலத்துக்கு உமி பரப்பி, கிழமைக்கு ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பாருங்கள்: கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, கட்டியாக நின்றால் ஈரம் கூடிவிட்டது. ஈரம் அநேகமாகத் தண்ணிப் பாத்திரத்தைச் சுற்றித்தான் இருக்கும். அந்த இடத்து உமியை மட்டும் வாரி எறிந்து புதிது போடுங்கள், பாத்திரத்தைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

கடையில் வாங்கும் அறுகோணக் கண்ணுள்ள கோழி வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. மரநாய் கண்ணுக்குள்ளால் கையை விட்டுத் தலையைப் பிடிக்கும், பாம்பு நேரே உள்ளே வரும். கீழிருந்து இரண்டு அடிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். அதன் அடியை வெளிப்பக்கம் மடித்து ஓரடி அகலத்துக்கு மண்ணுக்குள் புதைத்தால், தோண்ட வருகிற கீரியும் நரியும் கம்பியில் முட்டித் திரும்பும். கதவை மைம்மலுக்கு முன்னரே பூட்டிவிடுங்கள்.

அடை வைப்பதில்தான் அதிகம் பிழை நடக்கிறது

கோழி எப்போது அடை கிடக்கிறதோ அப்போதெல்லாம் முட்டை வைத்துவிடுகிறோம். கார்த்திகையில் பொரித்த குஞ்சுக்கு முன்னால் இருப்பது ஈர நிலமும், கூதலும், நுளம்பும். பொங்கலை அண்டி அடை வைத்தால் 21 நாளில், தை கடைசியில் பொரிக்கும். அது காலபோக நெல் அறுவடை நேரம். குறுணலும் உமியும் மலிவாகக் கிடைக்கும், நிலமும் காயத் தொடங்கியிருக்கும். மாரி நடுவில் அடை கிடக்கும் கோழியைக் கலைக்க வேண்டுமென்றால், அடியில் காற்றுப் போகும் கம்பிக் கூட்டில் தீனும் தண்ணியும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். அடிவயிற்றுச் சூடு தணிந்ததும் அடை கலையும். தண்ணியில் முக்குவதும் மூக்கில் இறகு குத்துவதும் வீண் வதை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

முட்டை தேர்வில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, நாள்பட்ட முட்டை. ஏழு நாளுக்கு மேற்பட்டதை வைக்க வேண்டாம். பங்குனி சித்திரை வெக்கையில் நான்கைந்து நாளே எல்லை, ஏனென்றால் அந்தச் சூட்டில் கரு அடைக்குப் போகுமுன்பே அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். சேர்க்கும் முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி, வீட்டின் குளிர்ந்த மூலையில் மணலில் நிறுத்துங்கள். இரண்டாவது, கழுவுவது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சுத்தான் கிருமியை மறிக்கிறது. அழுக்கு முட்டையைக் கறிக்கு எடுங்கள், அடைக்கு வேண்டாம். மூன்றாவது, பேராசை. ஊர்ப்பேட்டின் செட்டைக்குள் பத்து, பெரிய பேடானால் பன்னிரண்டு முட்டைதான் அடங்கும். பதினைந்து வைத்தால் வெளியே பிதுங்குகிற முட்டை ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கும். கோழி உருட்ட உருட்ட ஒவ்வொன்றாகக் குளிர்ந்து, எல்லாவற்றுக்கும் கேடு.

அடைக்குப் பிளாஸ்ரிக் பேசினைவிடப் பழைய கடகம் நல்லது. பேசின் காற்றை விடாமல் அடியில் வேர்க்கும். கடகத்தில் நாலு விரல் தடிப்புக்கு மண் போட்டு, நடுவைக் கையால் அழுத்திக் குழியாக்கி, மேலே வைக்கோல் பரப்புங்கள். குழி இல்லாவிட்டால் முட்டை ஓரத்துக்கு உருளும். ஒரு பிடி சாம்பலும் வேப்பிலையும் போட்டால் பேனும் செள்ளும் குறையும். முட்டைகளில் பென்சிலால் அடையாளம் போடுங்கள். மற்றக் கோழி வந்து இடுகிற புது முட்டையை அன்றே எடுத்துவிடலாம். ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் ரோச் வெளிச்சத்துக்கு முன்னால் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிவாகத் தெரிந்தால் கரு இல்லை. அதை விட்டுவைத்தால் கூழ்முட்டையாகி வெடித்துப் பக்கத்து முட்டைகளையும் நாசமாக்கும்.

குஞ்சின் முதல் ஆறு கிழமை

தாயில்லாமல் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்கள் பெட்டியின் மூலையை மறந்துவிடுகிறார்கள். கூதலில் குஞ்சுகள் மூலைக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் கிடப்பவை மூச்சுமுட்டிச் சாகும். தகரத்தையோ கடதாசி மட்டையையோ வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். முதல் கிழமை 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லையென்றாலும் குஞ்சே சொல்லும்: பல்புக்கடியில் நெருங்கிக் கிடந்தால் கூதல், ஓரத்துக்கு ஒதுங்கி வாய் திறந்தால் வெக்கை, பரவலாகக் கிடந்தால் சரி. ஓலைக் கொட்டிலில் பல்பு கட்டுகிறவர்கள் ஓலைக்கும் உமிக்கும் எட்டாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

தீனில் நடக்கும் பெரிய பிழை, தாய்க்கோழிக்கு வாங்கிய லேயர் தீனை, அதாவது முட்டைக்கோழித் தீனை, குஞ்சுக்கும் போடுவது. ஓட்டுக்காகச் சேர்த்த கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஆறு கிழமைவரை ஸ்டார்ட்டர் என்ற குஞ்சுத் தீன்தான். குறுணல் மட்டும் போட்டால் இரைப்பை நிரம்பும், இறகும் தசையும் வராது. செலவைக் குறைக்கக் கறையான் நல்ல வழி: பழைய பானையில் நனைத்த வைக்கோலும் காய்ந்த சாணியும் அடைத்து, கறையான் ஓடும் நிலத்தில் பின்னேரம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை எடுத்துத் தட்டினால் குஞ்சுகளுக்குப் போதுமான கறையான் இருக்கும். பூஞ்சணம் பிடித்த சோளம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும், காயவைத்தாலும் போகாது.

மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சு இறகைச் சிலிர்த்து ஒதுங்கி நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது இரத்தக் கழிச்சல். ஈர உமிதான் அதன் விளைநிலம். மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள், உமியை அன்றே மாற்றுங்கள்.

தடுப்பு மருந்து ஊரோடு சேர்ந்து

பச்சை நிறக் கழிச்சல், மூச்சு இழுப்பு, கழுத்துத் திருகல் என்று வரும் ராணிக்கெட் நோய்க்குச் சிகிச்சை இல்லை, தடுப்பு மட்டுமே உண்டு. மருந்து போட்டு உடலில் எதிர்ப்பு வர ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். ஆகவே மழைக்கு முன், ஆவணி புரட்டாதியில் போட்டிருக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் இதைத் தவறவிடுவதற்கு நியாயமான காரணமும் உண்டு: ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் மேலான மருந்து இருக்கும், கரைத்தால் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்தாக வேண்டும். அயலில் ஏழெட்டு வீடு ஒரே காலையில் சேர்ந்தால் வீணாகாது, நோய்க்கும் இடைவெளி கிடைக்காது. கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள். வெயில் பட்டால் மருந்து வெறும் தண்ணிதான். செத்த கோழியைக் காட்டுக்குள் எறியாதீர்கள், நாய் திரும்பக் கொண்டுவரும். மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நோய்ப்பட்டதை அவசரமாக விற்பது அடுத்த ஊருக்கு நோயை விற்பதுதான்.

எச்சத்தைப் பச்சையாக மிளகாய்க் கன்றடியில் போட வேண்டாம், வேர் எரியும். சருகோடு குவித்து நன்றாக மக்கியபின் போடுங்கள்.

ஓலை கோடையில், இழைப்பு ஆண்டு முழுக்க

பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும், அதற்கு இருப்பதும் ஒரே குருத்து. பெட்டிக்கு வேண்டிய சார்வோலையை, அதாவது இளம் ஓலையை, ஒரே மரத்தில் அடுத்தடுத்து எடுத்தால் மரம் மெலியும், நுங்கும் பழமும் குறையும். மரம் மாற்றி எடுங்கள். வெட்டும் காலம் வைகாசி முதல் ஆவணி வரை. அப்போது மூன்று நான்கு நாள் வெயிலில் ஓலை வெளுத்துக் காயும். மாரியில் வெட்டியது காய்வதற்குள் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறை பிறகு எதற்கும் போகாது. காயப் போடும் இடத்துக்குக் கோழி வராமல் பாருங்கள். காய்ந்ததைச் சுருட்டிக் கட்டிப் பரணில் வைத்தால் மாரி முழுக்க இழைக்கலாம்.

காய்ந்த ஓலை சோளகக் காற்று வீசும் நடுப்பகலில் மொறுமொறுவென்று உடையும். ஈரத்துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைத்தால் பதம் வரும். இங்கேதான் பலர் ஓலையைத் தண்ணியில் ஊறப் போட்டுவிடுகிறார்கள். ஊறிய ஓலை பருத்திருக்கும், இழைக்கும்போது நெருக்கமாகவே தெரியும். காய்ந்ததும் ஒவ்வொரு இழையும் சுருங்கி, பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அரிதட்டுப்போல் கண் கண்ணாகத் தெரியும். புட்டு அவிக்கிற ஓலைப் பெட்டியான நீற்றுப்பெட்டி அப்படி இருந்தால் மா கீழே கொட்டும், வாங்கியவர் மறுபடி வரமாட்டார். வார்ந்த இழைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அகலம் பாருங்கள். ஒன்று பிசகினாலும் ஓலை வாரும் சிறு கத்தியான சத்தகத்தால் திருத்திவிட்டே தொடங்குங்கள், நடுவில் திருத்த முடியாது.

சாயம் போடும்போது ஓலையை முதலில் வெறும் தண்ணியில் நனைத்தால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்காது. கொதிக்கும் சாயத்தில் கொஞ்சம் உப்புச் சேர்த்து அவித்து, நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். விற்பனைக்குப் போகுமுன் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் திரும்ப அலச வேண்டும். சாப்பாடு படுகிற பெட்டி, சுளகு, நீற்றுப்பெட்டிக்குச் சாயமும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம்.

கடகம் பொத்துவதற்கு, அதாவது நாரால் தைத்துக் கட்டுவதற்கு, வைத்த நாரை மட்டும் ஊறப் போடலாம், அது காய்ந்து இறுகும்போது விளிம்பு இன்னும் பிடிக்கும். விலை வைக்கும்போது ஓலைக்கும் சாயத்துக்கும் மட்டும் கணக்குப் பார்க்காமல், வார்தல், இழைத்தல், பொத்தல் மூன்றுக்கும் போன மணித்தியாலங்களை எழுதி, அந்த நேரத்துக்கு வயலில் கிடைக்கும் நாட்கூலியையும் சேர்த்தே சொல்லுங்கள்.