நேர்மேலே பார்க்காத ரேடார்

கோவைக்கு மேற்கே எங்கள் ஆய்வுத் திடலில் உள்ள, வானில் வீசும் காற்றை அளக்கும், இரண்டு மீட்டர் அகல ஆன்டெனா கொண்ட 1280 மெகாஹெர்ட்ஸ் ரேடார், பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசிய நாள்களிலெல்லாம் காற்று கீழிறங்குவதாகவே காட்டியதால், நேர்மேலே போகவேண்டிய ரேடியோ அலைக் கற்றை சாய்ந்திருக்குமோ என்று சந்தேகித்தேன்.

ஆகஸ்ட் 24 வாக்கில் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேராகக் கடக்கும். அலைபரப்பியை நிறுத்தி, ஏற்பியை மட்டும் ஓடவிட்டால், மேகம் மூடியிருந்தாலும் சூரியனின் ரேடியோ இரைச்சல் பதிவாகும்; சூரியன் கற்றைக்கு நேராக வரும்போது அது உச்சம் தொடும். 12.24க்கு வரவேண்டிய உச்சம் 12.29க்கு வந்தது. சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை மேற்கே நகரும் என்பதால், கற்றை மேற்கே ஏறத்தாழ ஒன்றேகால் பாகை சாய்ந்திருந்தது. சாய்ந்த கற்றை வழியே மேல்காற்றின் ஒரு பங்கு ரேடாரை நோக்கி வருவதுபோல் தெரியும்; நொடிக்கு 15 மீட்டர் மேல்காற்றில் அதுவே நொடிக்கு 0.3 மீட்டர் பொய் இறக்கமாகிவிடும்.

ஆன்டெனாவின் கிழக்குப் பாதிக்கான கேபிளின் முனையை அணில் கடித்திருந்ததால், அதை வெட்டிப் புதிய கனெக்டர் போட்டிருந்தோம் (போட்டவன் நானே). நீளம் சுமார் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது; இரு பாதிகளின் கேபிள் நீளம் ஒன்றாக இல்லாவிட்டால், கற்றை நீளமான கேபிளின் பக்கம் சாயும். மேற்குக் கேபிளையும் அதே அளவுக்கு வெட்டியதும், மறுநாள் உச்சம் 12.24க்கே வந்தது.