ஸ்லைடு மாஸ்டரைத் திறந்த பிறகு சீரான 40 ஸ்லைடுகள்

பவர்பாயின்ட்டில் 40 ஸ்லைடுகள் தயாரித்தபோது, ஒவ்வொன்றிலும் வெற்று லேஅவுட்டை (ஸ்லைடின் இட அமைப்பை) தேர்ந்தெடுத்து, தலைப்பையும் விளக்கத்தையும் தனித்தனி டெக்ஸ்ட் பாக்ஸ்களில் இட்டு வந்தேன். எழுத்துருவை மாற்ற வேண்டி வந்தபோதுதான், அத்தனையையும் கையால் திருத்த வேண்டியிருப்பதும், தலைப்புகள் ஸ்லைடுக்கு ஸ்லைடு சற்றே நகர்ந்து நிற்பதும் தெரிந்தது. ஸ்லைடுகளின் எழுத்தை மட்டும் பட்டியலாகக் காட்டும் அவுட்லைன் வியூவிலும் ஒரு சொல்கூட இல்லை. லேஅவுட்டில் முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட பெட்டியான பிளேஸ்ஹோல்டரில் இட்ட எழுத்து மட்டுமே அங்கே தோன்றும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

வியூ தாவலில் உள்ள ஸ்லைடு மாஸ்டரைத் திறந்தேன். இடப்பக்கம் உச்சியில் பெரிதாகத் தெரிவது, எல்லா ஸ்லைடுகளுக்கும் பொதுவான தோற்றத்தைத் தரும் மாஸ்டர். அதன்கீழ் உள்ளவை லேஅவுட்டுகள். எழுத்துருவை மாஸ்டரில் ஒரே முறை அமைத்தேன். அங்கே 0.9 ஆக இருந்த வரி இடைவெளியில் தமிழ் எழுத்துகளுக்கு மேலே வளையும் மேல்விலங்குகளும் கீழே இறங்கும் கீழ்ச்சுழிகளும் ஒன்றையொன்று நெருக்கியதால், அதை 1.1 ஆக்கினேன், தமிழில் எழுதுவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே என்பது என் கருத்து.

பின்னர் இன்சர்ட் லேஅவுட் மூலம் புதிய அமைப்பொன்றை உருவாக்கி, படத்துக்கும் விளக்கத்துக்கும் பிளேஸ்ஹோல்டர்கள் வரைந்து, ‘படமும் விளக்கமும்’ எனப் பெயரிட்டேன். ஸ்லைடுகளுக்கு அதை அளித்து, பழைய எழுத்தை வெட்டி உரிய இடத்தில் ஒட்டினேன். பிளேஸ்ஹோல்டர் நகர்ந்துபோன ஓரிரு ஸ்லைடுகளை ஹோம் தாவலின் ரீசெட் பொத்தான் நேர்செய்தது.