மழை விடுமுறை நாளில் வீட்டு வகுப்பு: தொடக்கப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சென்னையில் பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடுகளில், மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிட்டாரா என்று பார்ப்பதற்காகவே விடிந்ததும் தொலைக்காட்சியை வைப்பார்கள். அறிவிப்பு வந்த சிறிது நேரத்தில், பல தனியார் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இணையவழி வகுப்புக்கான லிங்க்கும் வந்துவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தையுடன் அப்படிப்பட்ட ஒரு நாளை வீட்டில் எப்படி நடத்துவது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முதலில் கைவிட வேண்டியது, பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வீட்டில் நடத்திவிடலாம் என்ற எண்ணம். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல்கள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் வரையிலான நேரலை வகுப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது என்று வரையறுத்தன. அதாவது திரைக்கு முன்னால் அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் இரண்டு மணி நேரம் தாளிலும் வாயாலும் கையாலும் வேலை செய்தால், ஏழு வயதுக் குழந்தைக்கு அது முழுப் பள்ளி நாளுக்குக் குறைந்ததல்ல. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் ஏற்பட்ட குறையைச் சரிசெய்யவே ‘இல்லம் தேடிக் கல்வி’யும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் வந்தன. சிறு குழந்தைகளிடம் அப்போது பின்தங்கியவை சரளமான வாசிப்பும் அடிப்படைக் கணக்கும்தான்; வீட்டு நாளில் திரையை விட்டு எழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலைகளும் இவையே.

ஆயத்தத்தை முந்தைய இரவே தொடங்க வேண்டும். வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால், கைப்பேசியையும் பவர் பேங்கையும் முழுமையாகச் சார்ஜ் செய்துவிட வேண்டும். அரசுப் பாடநூல்களில் அச்சிட்டுள்ள க்யூ.ஆர். குறியீடுகளைத் ‘திக்‌ஷா’ செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்குரிய காணொளிகள் கிடைக்கும். மறுநாள் பாடம் எதுவென்று ஊகிக்க முடிந்தால், அதை இரவே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. புத்தகம், நோட்டு, சீவிய இரண்டு பென்சில்கள் ஆகியவற்றைப் பையிலிருந்து எடுத்து ஓரிடத்தில் வைத்துவிட்டால், காலையில் வகுப்பு தொடங்கிய பிறகு ரப்பரைத் தேடி ஓடும் வேலை மிச்சமாகும்.

இடத்தைப் பொறுத்தவரை தனி அறை தேவையில்லை. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் சுவரும் முகத்தில் ஜன்னல் வெளிச்சமும் இருந்தால் போதும். கைப்பேசியைக் கையில் பிடிக்க விடாமல், கண் மட்டத்தில் எதன்மீதாவது சாய்த்து வைக்க வேண்டும். கையில் இருக்கும் கைப்பேசி ஐந்தாவது நிமிடத்தில் விளையாட்டுச் செயலிக்குப் போய்விடும். சட்னியை ஒன்பது மணிக்குள் அரைத்துவிடுவதும், குக்கரை வகுப்பு முடிந்தபின் வைப்பதும் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் முப்பது குழந்தைகள் கூடியிருக்கும் வகுப்பில் ஒரே ஒரு வீட்டு மிக்ஸி போதும், ஆசிரியரின் குரல் யாருக்கும் கேட்காமல் போக. கண்ணுக்கு ஓய்வாக, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் உள்ள ஒன்றை இருபது விநாடி பார்க்கச் சொல்வார்கள்; நம் அடுக்குமாடி வீடுகளின் அறைகளில் இருபது அடி கிடைப்பது அரிது என்பதால், ஜன்னல் வழியே எதிர்வீட்டு மொட்டை மாடியைப் பார்க்கச் சொல்லலாம்.

வகுப்பு நடக்கும்போது பெரியவர்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பல வீடுகளில் தடுமாற்றம் நேர்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அருகில் ஒருவர் முழு நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். மைக்கை அணைப்பதும் சரியான பக்கத்தைப் புரட்டுவதும் அந்த வயதில் தனியாகச் செய்யக்கூடியவை அல்ல. நான்காம், ஐந்தாம் வகுப்பினருக்கு முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் போதும். எந்த வகுப்பானாலும், அருகில் இருப்பவர் விடையை முணுமுணுக்கக் கூடாது. ஆசிரியர் கேள்வி கேட்டதும் பின்னாலிருந்து அம்மாவோ தாத்தாவோ பதிலை எடுத்துக் கொடுப்பதும், குழந்தை அதைத் திருப்பிச் சொல்வதும், ஆசிரியர் ‘வெரி குட்’ என்பதும் இணையவழி வகுப்புகளில் அன்றாடக் காட்சி. குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை என்பதை ஆசிரியர் அறிந்துகொள்ளும் ஒரே வாய்ப்பு அங்கே பறிபோகிறது. தவறான விடை ஆசிரியரின் காதில் விழட்டும். அவருக்கு அது தேவை.

மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொண்டு திட்டமிட வேண்டும். மழைநீர் தேங்கினால் பாதுகாப்புக்காக மின்வாரியமே இணைப்பைத் துண்டிப்பதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்தபோது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை; கைப்பேசித் தொடர்பும் தடைபட்டது. சாதாரண மழை நாளில் வைஃபை நின்றால், கைப்பேசி டேட்டாவுக்கு மாறி, காணொளியை அணைத்துக் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் வகுப்பை ஓரளவு தொடரலாம். இடி மின்னலின்போது சார்ஜரில் செருகிய கைப்பேசியைக் குழந்தையிடம் தர வேண்டாம். வீட்டுக்குள் தண்ணீர் வரும் நிலை என்றால் மெயின் சுவிட்சை அணைப்பதும் பாதுகாப்பான இடத்துக்குப் போவதுமே அன்றைய பாடம். வகுப்புக்கு வர இயலாது என்று ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்பினால் போதும்.

வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் இடைவெளி விட்டு, திரை இல்லாத பாட வேலையைத் தொடங்கலாம். கணக்குக்கு மழையைவிடச் சிறந்த பொருள் அன்று கிடைக்காது. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவை முந்தைய நாளே மொட்டை மாடியில் திறந்த இடத்தில் வைத்து, காலை எட்டரை மணிக்குப் பெரியவர் ஒருவர் எடுத்து வந்து, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளக்கச் செய்ய வேண்டும். வானிலை ஆய்வு மையமும் காலை எட்டரை வரையிலான 24 மணி நேர மழையைத்தான் கணக்கிடுகிறது. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களில் பதிவான அளவு செய்தியில் வரும்போது, தன் டப்பாவின் அளவோடு குழந்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் வேறுபட்டால், அம்பத்தூரில் கொட்டியது அடையாற்றில் தூறலாக இருந்திருக்கலாம் என்பது தானே விளங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். ஆகவே 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். நாம் வாங்கும் 20 லிட்டர் கேன்களில் அது எத்தனை என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தையைக் கேளுங்கள். 250 என்று கண்டுபிடித்ததும், மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்ற கேள்வி பெரும்பாலும் குழந்தையிடமிருந்தே வரும். மூன்றாம், நான்காம் வகுப்பினருக்கு ஏரி நீர்மட்டம் பொருந்தும்: செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, செய்தித்தாளில் வரும் இன்றைய மட்டத்தை அதிலிருந்து கழித்தால் ஏரி நிரம்ப இன்னும் எத்தனை அடி என்று தெரியும். சிறியவர்களுக்குப் பல்லாங்குழி போதும். பதினான்கு குழிகளிலும் ஐந்தைந்தாகப் போட எத்தனை சோழிகள் வேண்டும் என்று எண்ணட்டும்.

வாசிப்புக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். வாய்விட்டு, ஒருவர் கேட்க வாசிப்பதே பயன் தரும். பாட்டி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாலும் சரிதான். எழுத்து வேலையை ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தால், நோட்டைத் தரையில் வைத்து, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். ஆசிரியர் அத்தனை குழந்தைகளின் கையெழுத்தையும் சிறிய திரையிலேயே திருத்துகிறார்.

வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவிடம் இருக்கிறது என்றால், நேரலை வகுப்புக்காக யாரும் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் உள்ளன. மாலையில் ஒரு பாடத்தைச் சேர்ந்து பார்க்கலாம். இரண்டு குழந்தைகளின் வகுப்புகள் ஒரே நேரத்தில் வந்தால், இளைய குழந்தைக்கு முன்னுரிமை தாருங்கள். மூத்த குழந்தை புத்தகத்தை வைத்துத் தானே ஓரளவு படித்துக்கொள்ளும். ஆசிரியரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டால் வருகைப் பதிவில் சிக்கல் எழாது.

மாலையில் பையை மறுநாளுக்கு அடுக்கும்போது, வகுப்பில் புரியாமல் போனது எது என்று குழந்தையிடமே கேட்டு, அதை நாட்குறிப்பில் ஒரு வரியாக எழுதி அனுப்புங்கள். மழை விடுமுறைகளை ஈடுசெய்யப் பள்ளிகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் வகுப்பு வைக்கும். வீட்டில் நடந்த நாள் வேலைநாளாகக் கணக்கிடப்படுமா என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதன்பின் வார இறுதிப் பயணத்துக்கு டிக்கெட் எடுங்கள்.