வன்னி வீட்டுக்குள் செடி வளர்ப்பது: காற்றுக்காக எதை வாங்கலாம், எப்படிப் பராமரிக்கலாம்

கிளிநொச்சியில் ஒரு நாற்றுமேடையில் "காற்றைச் சுத்தமாக்கும் செடி" என்று அட்டை தொங்கிய சாடியொன்றை வாங்கி வந்து விறாந்தையில் வைத்தேன். வாள் போல நிமிர்ந்த நீட்டு இலை, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கரை. அம்மம்மா கிட்ட வந்து, இலையை விரலால் நெருடிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கோ மோனை காசு குடுத்தனி? இது பத்தைக்குள்ள நிக்கிற மருளெல்லோ."

அவர் சொன்னது சரிதான். கடையில் ஸ்நேக் பிளாண்ட் என்று விற்பது மேற்கு ஆபிரிக்கப் பக்கத்து மருள். நம் பற்றைகளுக்குள் மர நிழலில் நிற்பது அதன் உள்ளூர்ச் சொந்தம். மஞ்சள் கரை இருக்காது, சாம்பல் பூத்த பச்சையில் குறுக்கு வரி ஓடும். அந்த இலையின் நாரில்தான் முன்பு கயிறு திரித்தார்கள். அன்றிலிருந்து, என்ன செடி வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். நம் வெயிலையும் சோளகக் காற்றையும் நம் கிணற்றுத் தண்ணீரையும் எது தாங்குமோ அதை வாங்குங்கள். ஒரு மாதத்தில் பட்டுப்போகிற செடி எந்தக் காற்றையும் சுத்தமாக்காது.

செடி உண்மையில் எவ்வளவு செய்யும்?

இந்தப் பேச்சு எல்லாம் 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வில் தொடங்கியது. வுல்வர்டன் என்ற விஞ்ஞானியின் குழு, காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து பென்சீன், ஃபோமல்டிஹைட் போன்ற வாயுக்களைச் செலுத்திப் பார்த்தது. வாயுக்களின் அளவு குறைந்தது. இலை மட்டுமல்ல, சாடி மண்ணில் வேரோடு வாழும் நுண்ணுயிர்களும் அந்த வேலையைச் செய்தன. ஆனால் நம் வீடு அடைத்த பெட்டி இல்லையே. 2019இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படியான பழைய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். கட்டடத்தில் வழமையாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீற்றருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று வந்தது. பத்துக்குப் பத்து அடி அறை ஏறத்தாழ 9 சதுர மீற்றர். ஆகக் குறைந்த கணக்கில் பார்த்தாலே 90 சாடி. பிறகு நாம் எங்கே படுப்பது?

அதனால் விறகடுப்புப் புகைக்கும், இரவு முழுக்க எரியும் நுளம்புத் திரிக்கும், புதுப் பெயின்ட் மணத்துக்கும் மருந்து செடி அல்ல. யன்னலைத் திறக்க வேண்டும், குசினிக்குப் புகைபோக்கி வேண்டும், திரிக்குப் பதிலாக நுளம்பு வலை வேண்டும். மருள் இரவில் ஒட்சிசன் தருகிறது என்று சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். அது இரவில் இலைத் துளையைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளே எடுக்கிறது, அது உண்மை. ஆனால் வெளிச்சம் இல்லாமல் இலையில் ஒட்சிசன் உருவாகாது.

அப்படியென்றால் ஏன் வளர்க்க வேண்டும்? தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகலில் வந்து உட்காரும்போது கண்ணுக்குப் பச்சையாக ஒன்று நிற்பது மனதுக்கு எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். கிறவல் வீதியால் வாகனம் போகும்போது எழும்பும் செந்தூசியில் கொஞ்சத்தை அகன்ற இலைகள் பிடித்து வைத்திருப்பதையும் துடைக்கும் துணியில் பார்க்கிறேன். எனக்கு இது போதும்.

படி 1: வெளிச்சத்தைப் பாருங்கள்

செடி வாங்கப் போவதற்கு முதல் நாள் மத்தியானம் 12 மணிக்கு, செடி வைக்க நினைத்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளுக்கு ஒரு சாண் மேலே கையைப் பிடியுங்கள். விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்தால் நல்ல வெளிச்சம். கலங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே தெரியாவிட்டால் அந்த மூலையில் எந்தச் செடியும் கனகாலம் நிற்காது. வீட்டுத்திட்ட வீடுகளில் யன்னல் சிறியதாக இருந்தால், யன்னலில் இருந்து நாலைந்து அடி தள்ளினாலே நிழல் மங்கிவிடும்.

படி 2: செடியைத் தெரிவு செய்யுங்கள்

தொடங்குகிறவருக்கு மூன்றே மூன்று போதும்.

மருள் எல்லாவற்றிலும் உறுதி. கலங்கல் வெளிச்சத்திலும் நிற்கும், இரண்டு கிழமை தண்ணீர் மறந்தாலும் கோபிக்காது. உள்ளூர் மருள் வேண்டுமென்றால் வளவு வேலியோரம் மருள் நிற்கிற வீட்டுக்காரரிடம் ஒரு கன்று கேட்டு வாங்குங்கள். காட்டுக்குள் போய்ப் பிடுங்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் கால் வைக்கவே வேண்டாம்.

மணி பிளாண்ட், நடுத்தர வெளிச்சத்துக்கு. சோளகக் காற்று நேராக அடிக்கும் யன்னலில் மட்டும் வைக்காதீர்கள், இலை ஓரம் கருகிவிடும்.

ஸ்பைடர் பிளாண்ட், புல் போல வளைந்து தொங்குவது. பார்க்க மென்மையாக இருந்தாலும் சீக்கிரம் பெருகும். தண்ணீர் விடயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

காற்றைச் சுத்தமாக்கும் செடிகள் என்று போடும் பட்டியல்களில் கற்றாழையும் வரும். அது வெயில் கேட்கும் செடி. வாசல் படியில் வையுங்கள், அறைக்குள் வைத்தால் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். பீஸ் லில்லி, அரேக்கா பாம் இரண்டும் அழகுதான், ஆனால் ஆனி, ஆடி மாதத்து வறண்ட காற்றில் இவற்றைக் காப்பாற்றுவது பழகியவர்களுக்கே பாடு. முதல் வருடம் வேண்டாம்.

வீட்டில் தவழும் பிள்ளையோ, நாய் பூனையோ, எட்டிக் கடிக்கும் ஆட்டுக்குட்டியோ இருந்தால் மருளையும் மணி பிளாண்டையும் உயரத்தில் வையுங்கள். மணி பிளாண்டைக் கடித்தால் அதிலுள்ள ஊசி போன்ற ஒட்சலேற்றுப் பளிங்குகள் வாயையும் தொண்டையையும் எரிய வைக்கும். மருளைத் தின்றால் வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். ஸ்பைடர் பிளாண்டில் அந்தப் பயம் இல்லை.

படி 3: சாடியும் மண்ணும்

மண் சாடி நல்லது, ஈரம் சுவரால் காயும். வெறும் பெயின்ட் வாளியும் சரி, ஆணியைச் சூடாக்கி அடியில் ஐந்து ஓட்டை போடுங்கள். ஓட்டைக்கு மேலே உடைந்த ஓட்டுத் துண்டையோ சிரட்டைத் துண்டையோ கவிழ்த்து வையுங்கள், மண் போகாது, தண்ணீர் போகும்.

மண்ணுக்கு: செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. மணி பிளாண்டுக்கு ஒரு பிடி தும்புச்சோறு கூடப் போடலாம். குளத்துக் களியும் வயல் மண்ணும் சாடிக்குள் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். முல்லைத்தீவுப் பக்கத்தவர்கள் கடற்கரை மணலை எடுக்காதீர்கள், உப்பு வேரைக் கருக்கும். கலந்த மண்ணை இரண்டு நாள் வெயிலில் பரப்பிவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

படி 4: தண்ணீர்

இங்கேதான் அதிகமான செடிகள் சாகின்றன, அதுவும் தண்ணீர் இல்லாமல் அல்ல, கூடிப்போய்.

அம்மம்மா கேள்வி கேட்ட அந்த மருள் முதல் மாரியைத் தாண்டவில்லை. கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, நான் மற்றச் சாடிகளோடு சேர்த்து அதற்கும் நாள்தோறும் ஒரு பேணி ஊற்றினேன். ஒரு நாள் நடு இலை சாய்ந்து நின்றது. நிமிர்த்தப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் மண்ணிறமாகி, வழுவழுத்து, அழுகிய வெங்காயம் போல மணத்தது. மேல் இலை மட்டும் இன்னும் விறைப்பாக, ஒன்றும் நடக்காதது போல இருந்தது. மருள் இப்படித்தான். அடி அழுகி முடிந்த பிறகுதான் மேலே காட்டும்.

அதனால் நாளைப் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். மணி பிளாண்டுக்கும் ஸ்பைடருக்கும் முதல் கணு வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம். மருளுக்கு இரண்டாம் கணுவிலும் ஈரம் இருக்கக் கூடாது. கோடையில் மருளுக்கு 10 அல்லது 14 நாளுக்கு ஒரு தடவை வரும், மாரியில் மாதத்துக்கு ஒன்றே போதும். ஊற்றும்போது அடி ஓட்டையால் வழியும் வரை காலையில் ஊற்றுங்கள். கொஞ்ச நாளில் சாடியைத் தூக்கிப் பார்த்தே பாரத்தில் தெரிந்துகொள்வீர்கள்.

அடுத்தது தண்ணீரின் தன்மை. வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினம், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவது அதுதான். சாடியின் வெளிச் சுவரிலும் மண்ணின் மேலும் அதே வெள்ளை படியும். வவுனியா போன்ற இடங்களில் கிணற்று நீரில் புளோரைட்டும் கூட. ஸ்பைடர் பிளாண்டுக்கு அது ஒத்துவராது, நடு இலை பச்சையாக இருக்கும்போதே நுனி மட்டும் மண்ணிறமாகக் காயும். கொதிக்க வைத்து ஆற்றினால் சுண்ணாம்பு கொஞ்சம் படியும், புளோரைட் போகாது.

இதற்கு நல்ல வழி மழைத் தண்ணீர். முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிடுங்கள். நாலைந்து நல்ல மழைக்குப் பிறகு பீலியால் வருவதைப் பிடியுங்கள். இரண்டு ஸ்பைடர் சாடிக்குக் கிழமைக்கு ஒவ்வொரு லீற்றர் என்றாலும், வைகாசி முதல் புரட்டாதி வரை ஏறத்தாழ 20 கிழமைக்கு 40 லீற்றர். 20 லீற்றர் கான் இரண்டு போதும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நுளம்புக்குத்தான் வளர்ப்பீர்கள். மழைத் தண்ணீர் தீர்ந்துவிட்டால், மாதத்துக்கு ஒரு தடவை சாடியை வெளியே கொண்டுபோய் அடியால் ஓடும் வரை இரண்டு மூன்று தடவை நிறையத் தண்ணீர் ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். காய்ந்த நுனியைக் கத்தரிக்கோலால் இலையின் வடிவத்திலேயே சரிவாக வெட்டலாம்.

நுளம்பு பற்றி இன்னொன்று. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டிலும், மணி பிளாண்ட் வைத்த கண்ணாடிப் போத்தலிலும் தேங்கும் தண்ணீர் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்குத் தொட்டில். முட்டை நுளம்பாகி எழும்ப 7 முதல் 10 நாள் வரை போதும். கிழமைக்கு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடக்கும். உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டில் மணலை நிரப்பி வைப்பது இன்னும் நல்லது. மாரி காலத்தில் நான் மணி பிளாண்டைப் போத்தலில் வைப்பதே இல்லை.

படி 5: இலையைத் துடையுங்கள்

கிழமைக்கு ஒரு தடவை, சோளக காலத்தில் இரண்டு தடவை. பழைய சாரத் துண்டொன்றை நனைத்துப் பிழிந்து, ஒரு கையால் இலையைக் கீழே தாங்கி, மறு கையால் காம்பில் இருந்து நுனி நோக்கித் துடையுங்கள். துணியில் வரும் செம்மண் நிறத்தைப் பார்த்தால், துடைக்காமல் விட்டிருந்தால் அந்த இலைக்கு வெளிச்சம் எப்படிக் கிடைத்திருக்கும் என்று யோசிப்பீர்கள். மினுங்க வேண்டுமென்று எண்ணெய் பூசாதீர்கள், தூசி அதில் இன்னும் ஒட்டும்.

துடைக்கும்போதே இலைக்கு அடியில் பாருங்கள். பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில துளி சவர்க்காரத் தண்ணீர் கலந்து மாலையில் தெளியுங்கள், கிழமைக்கு ஒன்றாக மூன்று தடவை. பசளைக்கு, மாரி முடிந்து புதுக் குருத்து வரும்போது ஒரு பிடி கூட்டெரு போதும்.

பெருக்குவது

ஸ்பைடர் பிளாண்டின் நீண்ட தண்டில் குட்டிச் செடி தொங்கும். அடியில் வேர் முளை தெரிந்ததும் வெட்டி, ஓட்டை போட்ட சிரட்டையில் மண் நிரப்பி ஊன்றுங்கள். மணி பிளாண்டை ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி வெட்டி நடுங்கள்.

மருளை இலையில் இருந்தே எடுக்கலாம். அழுகிய அந்தச் செடியின் விறைப்பான இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டினேன். எது அடி, எது தலை என்று குழம்பாமல் இருக்க அடியைச் சரிவாக வெட்டிக்கொண்டேன், தலைகீழாக நட்டால் வேர் விடாது. இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, ஈர மணலில் அரை அங்குலம் ஊன்றினேன். வேர் வர ஏறத்தாழ இரண்டு மாதம், மணலைக் கீறிக்கொண்டு குருத்து வர இன்னும் இரண்டு மாதம். வந்த குருத்து ஒன்றிலும் மஞ்சள் கரை இல்லை, எல்லாம் வெறும் பச்சை. இலைத் துண்டில் இருந்து வரும் கன்றுக்கு அந்தக் கரை வராது. கரையோடு வேண்டுமென்றால், தாய்ச் செடியைச் சாடியில் இருந்து கழற்றி, மண்ணுக்குள் ஓடும் கிழங்கோடு கன்றைக் கத்தியால் பிரித்து, வெட்டு வாயில் சாம்பல் தொட்டு நடுங்கள்.