வாங்கும் முன் ஒரு டிஸ்க்கை உருவிப் பாருங்கள்
மண்ணடியில் ஷிப்பிங் ஆபீஸ்களுக்கு சர்வர் பார்த்துக் கொடுக்கிறேன். தரவைச் சேமிக்க, பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் செஃப் (Ceph) போடலாமா, ஒரே சர்வருக்குள் டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ் (ZFS) போதுமா என்று கேட்டால், முதலில் சர்வர்களை எண்ணச் சொல்வேன். ஒன்றுதான் என்றால் இசட்எஃப்எஸ். கெட்டுப்போன தரவை அதுவே கண்டுபிடிக்கும், மிரர் (இன்னொரு டிஸ்க்கில் அதே தரவு) இருந்தால் சரியும் செய்துவிடும். மூன்றுக்குக் குறையாமல் இருந்து, ஒன்று விழுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்றால் செஃப். ஆனால் அது வழக்கமாக மூன்று பிரதி வைக்கும்: 12 டெராபைட் வாங்கினால் கையில் 4 தான், அதையும் முழுக்க நிரப்ப முடியாது.

அப்புறம் சோதனை. பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) ஸ்கேன்களை ஏற்றும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். காப்பி ஆவது நின்றுபோகிறதா, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ராயபுரத்தில் ஒரு கிடங்கில் இதைச் செய்யாமல் விட்டேன். மழை இரவில் டிஸ்க் போய், விடியும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.