வெளிநாடு போகிறவர்கள் தப்பான இடத்தில் பயப்படுகிறார்கள்

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் ஆள் சேர்த்து வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவது என் தொழில். குழுவில் பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர்கள். கோயம்புத்தூரிலோ கொச்சி நெடும்பாசேரியிலோ விமானம் ஏறுவோம். முதல் தடவை வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை: "அங்கெல்லாம் திருட்டு பயம் ஜாஸ்தியாமே, நிஜமாங்க?"

தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவிடுவார்கள், பவர் பேங்கைக் கைப்பையில் வைக்கணும் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பயந்துகொண்டு செய்கிற தவறுகளும், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் செய்கிற தவறுகளும்தான் எனக்குத் தலைவலி.

எல்லார் பாஸ்போர்ட்டும் ஒரே பையில்

இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த குழுவில் ஒருவர் செய்வார். பெரும்பாலும் வீட்டுக்குப் பெரியவர். விமான நிலையத்தில் இறங்கியதும் "எல்லாம் எங்கிட்டக் கொடுங்க, இந்த ஊர்ல யாரையும் நம்ப முடியாது" என்று குடும்பத்தின் பாஸ்போர்ட், டாலர், திரும்பி வரும் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு கறுப்புத் தோள்பையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார். ஓட்டல் அறையில் லாக்கர் இருக்கும், அதில் வைக்க மாட்டார். "ஓட்டல்காரன்கிட்ட இன்னொரு சாவி இருக்கும்" என்பார்.

தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது இது. அங்கே சோங்தேவ் என்று ஒரு வண்டி ஓடும். பிக்கப் வண்டியின் பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்டிருக்கும், வேண்டிய இடத்தில் ஏறி இறங்கிக்கொள்ளலாம். பை மடியில் கனக்கிறது என்று அந்தப் பெரியவர் பெஞ்சுக்கு அடியில் வைத்தார். இறங்கும்போது பேத்தியைப் பிடித்தார், மனைவியைப் பிடித்தார், பையை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை திரும்பும் விமானம்.

போலீசில் எழுதிக் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே பாஸ்போர்ட் எண். ஒருவருக்கும் தெரியவில்லை. போனில் படம்கூட எடுத்து வைக்கவில்லை, ஏனென்றால் "போனை ஹேக் பண்ணிருவான்." ஊரில் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, பீரோவைத் திறக்கச் சொல்லி, பழைய ஜெராக்ஸைத் தேட வைத்தோம். சனி, ஞாயிறு தூதரகம் கிடையாது. திங்கட்கிழமை பாங்காக் சுகும்வித் பகுதியில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் போலீஸ் அறிக்கை, புகைப்படம், விண்ணப்பம் எல்லாம் கொடுத்து அவசரச் சான்றிதழுக்கு நின்றோம். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே செல்லும். அது கைக்கு வந்த பிறகு தாய்லாந்து குடிநுழைவுத் துறையில் வேறு சில வேலைகள். விமான டிக்கெட்டும் ஓட்டலும் புதிதாக. அந்தக் குடும்பத்துக்குச் சுற்றுலாச் செலவு இன்னொரு மடங்கு ஆனது.

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது அடுத்த பகுதி. சோங்தேவ் ஓட்டுநர் பையைக் கொண்டுபோய்ப் போலீசில் கொடுத்திருந்தார். ஒரு டாலர் குறையவில்லை. ஆனால் பை எங்கள் கைக்கு வந்தபோது சான்றிதழ் எழுதியாகிவிட்டது. தொலைந்ததாகப் பதிவாகி ரத்தான பாஸ்போர்ட் கிடைத்தாலும் வெறும் காகிதம்தான். அவரவர் பாஸ்போர்ட் அவரவரிடம் இருந்திருந்தால் ஒருவர் மட்டும் மாட்டியிருப்பார், மற்றவர்கள் ஞாயிறே ஊருக்கு வந்திருப்பார்கள். பெரியவர் இன்றும் கல்யாண வீடுகளில் "தாய்லாந்துல ஜாக்கிரதையா இருக்கணும், என் பையவே அடிச்சுட்டானுக" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நுழைவு முத்திரை மூன்றையும் படம் எடுத்து, ஊரிலிருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு, பெட்டியில் தனியாக. பணத்தை இரண்டு மூன்று பேர் பிரித்து வையுங்கள். அறையில் லாக்கர் இருந்தால் அதற்குத்தான் இருக்கிறது. பை தொலைந்தால் தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம்.

முகத்தைப் பார்த்துப் பயப்படுவது

கறுப்பினத்தவர் லிஃப்டில் ஏறினால் இறங்கிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வளைகுடா என்றால் ஒரு பயம், சீன முகம் என்றால் ஒரு கிண்டல். நாம் எல்லை ஊர்க்காரர்கள், இது எப்படியிருக்கும் என்று நமக்குத்தான் நன்றாகத் தெரியும். மலையாளிகள் மந்திரம் வைத்துவிடுவார்கள் என்று பொள்ளாச்சியில் சொல்வார்கள். திருச்சூர் பக்கம் போனால் தமிழ் பேசும் நம்மை இளக்காரமாகப் பாண்டி என்பார்கள். ஆனாலும் இரண்டு ஊரிலும் சம்பந்தம் பண்ணி, இரண்டு ஊரிலும் கடை வைத்திருக்கிறோம்.

நம்ம ஆளு என்று நம்புவது

இதுதான் மறுபக்கம். பாங்காக் அரண்மனை வாசலில் "இன்னைக்கு மூடியிருக்கு, வாங்க வேற நல்ல இடம் காட்டுறேன்" என்பவனை வெள்ளைக்காரர்களுக்கே தெரியும். டுக்டுக்கில் ஏற்றி நகைக்கடையில் இறக்குவான். அதையே ஒருவன் தமிழில் சொன்னால் நம்மவர்கள் பின்னாடியே போகிறார்கள். இதன் பெரிய வடிவம் வேலை மோசடி. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் இணைய மோசடி வேலைக்கு அடைத்தார்கள். 2022ல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களை அனுப்பியதில் ஊர்ப்பக்க ஏஜென்டுகளும் உண்டு. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று யார் சொன்னாலும், மாமன் மச்சானாக இருந்தாலும், வேண்டாம். பதிவுபெற்ற ஏஜென்டா என்று அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

வாடகை பைக்

திருடனுக்குப் பயந்தவர்கள் பைக்குக்குப் பயப்பட மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கைப்படி தாய்லாந்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 33 பேர் சாலை விபத்தில் செத்தார்கள், பெரும்பாலும் இருசக்கர வண்டிக்காரர்கள். நம் நாட்டின் கணக்கு அதில் சுமார் 23. ஆர்டிஓ அலுவலகத்தில் ஓராண்டுக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்காமல் ஓட்டி விழுந்தால், பயணக் காப்பீடு கைவிரித்துவிட வாய்ப்பு அதிகம். வண்டிக்கு அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், வேறு கடை பாருங்கள்.

கடல்

புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், கடல் கொந்தளிக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுக்குக்கூட இறங்காதீர்கள்.

கசகசா

சிங்கப்பூர், துபாய் இரண்டுக்கும் கொண்டுபோகக் கூடாது. குருமாப் பொடியில் கலந்ததும் சேர்த்துத்தான்.

இலங்கை

"இன்னும் சண்டை நடக்குதுங்களா" என்று கேட்கிறார்கள். போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது. யாழ்ப்பாணம் தாராளமாகப் போகலாம். நல்லூர் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், குருவாயூர் போய்ப் பழகியவர்களுக்கு அது புதிதில்லை. கவனம் வேண்டியது வேறு இடத்தில்: புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். 2014ல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பெண் ஒருவரைக் கொழும்பு விமான நிலையத்தில் பிடித்து, நாட்டை விட்டே அனுப்பினார்கள். புத்தர் படம் போட்ட டி-ஷர்ட் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.